சொல்லும் அனுபவமும்: நனவைப் பற்றிய மெய்யியலும் உளவியலும்

பல் வலிக்கிறது என்று ஒருவர் மருத்துவரிடம் வருகிறார். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார். பல்லின் வேரில் சீழ் கோத்திருப்பது தெரிகிறது. அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும் விதமும் அவர் படித்ததுதான். இவை அனைத்தையும் இன்னொருவரும் பார்க்கலாம், அளக்கலாம், படம்பிடிக்கலாம். ஆனால் வலிப்பவருக்கு அந்த வலி எப்படி இருக்கிறது என்பது எந்தப் படத்திலும் விழுவதில்லை. அது இருக்கிறது என்பதற்கு மருத்துவரிடம் உள்ள முதன்மையான சான்று, நோயாளி வாய் திறந்து சொன்ன சொல்தான்.

அனுபவிப்பவருக்கு மட்டுமே உள்ளிருந்து தெரியும் இந்த நிலையைத்தான் நனவு என்கிறோம். பிரக்ஞை, உணர்வுநிலை என்றெல்லாம் இதைக் குறிப்பிடுவோரும் உண்டு. விழித்திருத்தலும் நனவும் ஒன்றல்ல. கனவு காண்பவர் தூங்கிக்கொண்டிருக்கிறார், ஆயினும் அச்சமும் மகிழ்ச்சியும் அவருக்குள் நிகழ்கின்றன. கடுமையான மூளைக் காயத்துக்குப் பின் சிலர் கண்ணைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள், ஆனால் எதையும் அறிந்ததற்கான அடையாளமே அவர்களிடம் தென்படுவதில்லை.

நனவைப் பற்றி மெய்யியலாளர்கள் நானூறு ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். உளவியல் படிக்கத் தொடங்குபவர்களுக்கு இந்த வாதங்கள் பெரும்பாலும் ஓர் அறிமுக அத்தியாயமாக மட்டுமே வந்துபோகின்றன. அதன்பின் ஆய்வுகளும் புள்ளியியலும் தொடங்கிவிடுகின்றன. அது இழப்பு என்றே கருதுகிறேன். ஏனெனில் நனவைப் பற்றிய ஒவ்வொரு மெய்யியல் கொள்கைக்குள்ளும், உளவியலாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் ஒரு கேள்விக்கான விடை ஒளிந்திருக்கிறது. ஒருவர் தம் அனுபவத்தைப் பற்றிச் சொல்வதை எவ்வளவு தூரம் சான்றாக ஏற்கலாம் என்பதே அந்தக் கேள்வி. வினாத்தாளில் "கடந்த இரு வாரங்களில் எத்தனை நாள் மனச்சோர்வாக உணர்ந்தீர்கள்?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விக்கு நாம் ஒரு விடையை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

தன்னைத் தானே அறியும் மனம்

பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே டேக்கார்ட் 1641-இல் முன்வைத்த வாதத்திலிருந்து தொடங்குவது வழக்கம். எல்லாவற்றையும் ஐயுறலாம், ஐயுறுகிறேன் என்பதை மட்டும் ஐயுற முடியாது என்றார் அவர். இதிலிருந்து, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் உடல் ஒரு வகைப் பொருள், சிந்திக்கும் மனம் முற்றிலும் வேறொரு வகைப் பொருள் என்ற முடிவுக்கு வந்தார். இதுவே இருமைவாதம். இதன் பலவீனத்தை முதலிலேயே சரியாகச் சுட்டியவர்களில் ஒருவர் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத். 1643-இல் டேக்கார்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், இடத்தை அடைக்காத மனம், இடத்தை அடைக்கும் உடலை எவ்வாறு அசைக்க முடியும் என்று அவர் கேட்டார். டேக்கார்ட் பல விளக்கங்கள் தந்தார். மூளையின் நடுவிலுள்ள பினியல் சுரப்பியில் மனமும் உடலும் சந்திப்பதாகப் பின்னர் எழுதினார். எங்கே சந்திக்கின்றன என்பதற்கு அது விடையாகலாம்; எப்படி என்ற கேள்வி அப்படியே நின்றது.

இன்றைய உளவியலாளர்களில் இருமைவாதிகள் அரிது. ஆனால் டேக்கார்ட்டின் இன்னொரு கருத்து, அவ்வளவு கவனிக்கப்படாமலே, உளவியலுக்குள் நெடுங்காலம் குடியிருந்தது. மனம் தன்னைத் தானே நேராகவும் பிழையின்றியும் அறிகிறது என்பதே அது. அப்படியானால், மனத்தை ஆராய விரும்புபவர் அதன் உரிமையாளரிடம் கேட்டுவிட்டால் போதும்.

வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வகத்தை நிறுவியபோது இவ்வளவு எளிதாக நம்பிவிடவில்லை. கட்டுப்படுத்தப்பட்ட சூழலில், திரும்பத் திரும்பக் கொடுக்கக்கூடிய எளிய தூண்டல்களுக்கு மட்டுமே அகநோக்கு முறை, அதாவது தன் மனத்தில் நிகழ்வதைத் தானே கவனித்துச் சொல்வது, பொருந்தும் என்றார். அவருடைய மாணவரான எட்வர்ட் டிட்செனர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அந்த எல்லையை விரிவாக்கினார். சிக்கல் அங்கேதான் வெடித்தது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ஆய்வு செய்தவர்கள், எந்த உருவமும் புலனுணர்வும் இல்லாத எண்ணங்கள் உண்டு என்று தங்கள் ஆய்வில் பங்கேற்றோர் கூறியதாக அறிவித்தார்கள். டிட்செனரின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர்களோ, எந்த எண்ணத்தையும் கூர்ந்து நோக்கினால் அதற்குள் ஏதோ ஓர் உருவமோ உடலுணர்வோ இருக்கிறது என்றார்கள். இரு தரப்பும் பயிற்சி பெற்றவை. இரு தரப்பும் தங்கள் மனத்தையே பார்த்தவை. எது சரி என்று தீர்க்க மூன்றாவது இடம் ஒன்று இல்லை. வேதியியலில் இரு ஆய்வகங்கள் முரண்பட்டால் குடுவையைச் சோதிக்கலாம். இங்கே குடுவையும் பார்ப்பவரும் ஒன்று.

1913-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் இதற்கு எடுத்த முடிவு அறுவைச் சிகிச்சை போன்றது: நனவையே உளவியலிலிருந்து வெட்டி எறிந்துவிடுவது. உளவியல் நடத்தையின் அறிவியல். அகநோக்குக்கு அதில் அடிப்படை இடமில்லை. இதுவே நடத்தையியல். அடுத்த நாற்பது ஆண்டுகள் அமெரிக்க உளவியலின் பெரும்பகுதி இந்த வழியில் சென்றது. கற்றல் பற்றிய உறுதியான விதிகள் அக்காலத்தில் கிடைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் நோயாளி பல் வலிக்கிறது என்று சொல்வதும் கன்னத்தைப் பிடித்துக்கொள்வதும் மட்டுமே ஆய்வுப்பொருள், அவற்றுக்குப் பின்னால் உள்ள வலி கணக்கில் வராது என்பதைப் பல்வலி வந்த எந்த நடத்தையியலாளரும் வீட்டில் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

மூளையா, வேலையா?

நடத்தையியலுக்குத் துணையாக மெய்யியலிலும் ஒரு குரல் எழுந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் கில்பர்ட் ரைல் 1949-இல், உடல் என்ற எந்திரத்துக்குள் மனம் என்ற ஆவி குடியிருப்பதாக நினைப்பதே தவறான வகைப்பாடு என்று வாதிட்டார். கல்லூரிகளையும் நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் சுற்றிப் பார்த்த பிறகு, "பல்கலைக்கழகம் எங்கே?" என்று கேட்பவர் செய்யும் தவறு அது.

1956-இல் யு. டி. பிளேஸ் வேறு பாதையைத் திறந்தார். அவர் உளவியல் கற்பித்துக்கொண்டிருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. மின்னல் என்பது மின்னிறக்கம்தான் என்று அறிவியல் கண்டறிந்ததைப் போல, நனவு என்பது மூளையில் நிகழும் ஒரு செயல்முறைதான் என்று கண்டறியப்படலாம் என்றார். இதற்கு ஹிலாரி புட்னம் 1967-இல் எழுப்பிய மறுப்பு புகழ்பெற்றது. வலி என்பது மனித மூளையின் குறிப்பிட்ட ஒரு நிலைதான் என்றால், முற்றிலும் வேறு விதமான நரம்பு மண்டலம் கொண்ட ஆக்டோபசுக்கு வலியே இருக்க முடியாது என்றாகிவிடும். ஆகவே மனநிலை எதனால் ஆனது என்று கேட்பதைவிட, அது என்ன வேலை செய்கிறது என்று கேட்பதே சரி. காயத்தால் தூண்டப்பட்டு, கவனத்தை இழுத்து, விலகிப்போகத் தூண்டி, அடுத்த முறை எச்சரிக்கையாக இருக்கச் செய்யும் எதுவும் வலிதான். செயற்பாட்டுவாதம் எனப்படும் இக்கொள்கை, அப்போது எழுந்துவந்த அறிதல்சார் உளவியலுக்குக் கையோடு பொருந்தியது. நினைவு, கவனம், முடிவெடுத்தல் ஆகியவற்றைத் தகவல் பாயும் வரைபடங்களாக வரைந்து காட்டும் பாடநூல்கள் அனைத்தும், சொன்னாலும் சொல்லாவிட்டாலும், இந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கின்றன.

வரைபடம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் எங்கே வலிக்கிறது? இந்தக் கேள்வியைத்தான் தாமஸ் நேகல் 1974-இல் கூர்மையாக்கினார். வௌவால் தன் ஒலியின் எதிரொலியைக் கொண்டு உலகை அறிகிறது. அதன் செவியையும் மூளையையும் பற்றி அனைத்தையும் அறிந்துகொண்டாலும், வௌவாலாக இருப்பது வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாது. 1982-இல் ஃபிராங்க் ஜாக்சன் அதே பள்ளத்தை மனிதருக்குள்ளேயே காட்டினார். கறுப்பு வெள்ளை அறையில் வளர்ந்து, நிறப் பார்வையின் அறிவியல் முழுவதையும் கற்ற மேரி என்னும் கற்பனை விஞ்ஞானி, வெளியே வந்து முதன்முறையாகச் சிவப்பைப் பார்க்கும்போது புதிதாக ஏதேனும் அறிந்துகொள்கிறாரா? அறிந்துகொள்கிறார் என்று பலருக்கும் தோன்றுகிறது. ஆனால் இந்த வாதத்தை உருவாக்கிய ஜாக்சனே பிற்காலத்தில் அதன் முடிவைக் கைவிட்டார்.

டேவிட் சால்மர்ஸ் 1995-இல் இவற்றைத் தொகுத்து, எளிய சிக்கல்கள், கடினமான சிக்கல் என்று பிரித்தார். மூளை எவ்வாறு தூண்டல்களைப் பிரித்தறிகிறது, கவனத்தைக் குவிக்கிறது, சொல்லாக வெளிப்படுத்துகிறது என்பவை எளியவை. எளியவை என்றால் நூறாண்டு பிடிக்காது என்று பொருளல்ல. எந்த மாதிரியான விளக்கம் வேண்டும் என்பதாவது நமக்குத் தெரியும் என்று பொருள். இந்த வேலைகளெல்லாம் நடக்கும்போது ஏன் கூடவே ஓர் அனுபவமும் இருக்கிறது என்பதே கடினமானது.

டேனியல் டெனட் இதற்கு நேர் எதிரான நிலையை எடுத்தார். வேலைகள் அனைத்தையும் விளக்கியபின் விளக்க வேண்டிய மிச்சம் எதுவும் இல்லை, மிச்சம் இருப்பதாகத் தோன்றுகிறதே, அந்தத் தோற்றத்தைத்தான் விளக்க வேண்டும் என்றார் அவர். இந்த வழக்கில் யார் வென்றாலும், டெனட் உளவியலுக்குத் தந்த நடைமுறைப் பரிந்துரை பயனுள்ளது. ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்லும்போது, அவருக்கு அப்படித் தோன்றுகிறது என்பதை முழுமையாக ஏற்றுப் பதிவுசெய்யுங்கள். உண்மையிலேயே உள்ளே அப்படித்தான் நடக்கிறதா என்பதைத் தனியாக ஆராயுங்கள். டிட்செனரின் முழு நம்பிக்கைக்கும் வாட்சனின் முழு மறுப்புக்கும் நடுவே இது ஒரு நிற்கத்தக்க இடம்.

சொல்ல முடிந்ததும் அனுபவித்ததும்

என் பார்வையில் உளவியலுக்கு மிக அதிகமாகப் பயன்பட்ட மெய்யியல் கருத்து, நெட் பிளாக் 1995-இல் செய்த ஒரு வேறுபாடு. நனவு என்ற ஒரே பெயரில் இரண்டு விஷயங்களைப் பேசுகிறோம் என்றார் அவர். ஒன்று, அனுபவத்தின் தன்மை: சிவப்பு சிவப்பாகத் தெரிவது, வலி வலியாக இருப்பது. மற்றொன்று, அணுகத்தக்க நிலை: ஒரு தகவல் சிந்தனைக்கும் பேச்சுக்கும் செயலுக்கும் கைக்கெட்டும்படி இருப்பது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. எப்போதும் சேர்ந்தே வர வேண்டுமா?

ஜார்ஜ் ஸ்பெர்லிங் 1960-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சற்று அருகில் சென்று பார்க்கலாம். மூன்று வரிசைகளில், வரிசைக்கு நான்காகப் பன்னிரண்டு எழுத்துகள் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் தோன்றி மறைகின்றன. பார்த்தவற்றைச் சொல்லுங்கள் என்றால் பங்கேற்பவர்களால் நான்கைந்து எழுத்துகளைத்தான் சொல்ல முடிகிறது. ஆனால் எல்லாவற்றையும் பார்த்தோம், சொல்வதற்குள் மறந்துவிட்டது என்கிறார்கள். அதைச் சோதிக்க, எழுத்துகள் மறைந்த பிறகு ஓர் ஒலி எழுப்பப்பட்டது. உயர்ந்த ஒலி என்றால் மேல் வரிசை, நடுத்தர ஒலி என்றால் நடு வரிசை, தாழ்ந்த ஒலி என்றால் கீழ் வரிசை. எந்த வரிசை கேட்கப்படும் என்று முன்கூட்டித் தெரியாத நிலையிலும், கேட்கப்பட்ட வரிசையின் நான்கில் ஏறத்தாழ மூன்று எழுத்துகளை அவர்களால் சொல்ல முடிந்தது. அப்படியானால் மூன்று வரிசைகளும் பெருமளவு அந்தக் கணத்தில் உள்ளே இருந்திருக்க வேண்டும். பிளாக் இதிலிருந்து, நாம் அனுபவிப்பது சொல்ல முடிவதைவிட அதிகம் என்று வாதிடுகிறார். எதிர்த்தரப்போ, உள்ளே இருந்தது நனவுக்கு வராத தடம்தான், ஒலி கேட்ட பிறகே கேட்கப்பட்ட வரிசை நனவுக்கு வந்தது என்கிறது. தரவு ஒன்றே, அதைப் படிக்கும் விதத்தை முடிவுசெய்வது மெய்யியல்.

மறு திசையிலிருந்து வரும் சான்று இன்னும் வியப்பானது. மூளையின் பின்பகுதியிலுள்ள காட்சிப் புறணியின் வலப்பாதியில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டதால், தம் இடப்பக்கக் காட்சிப் பரப்பில் எதுவும் தெரியாமற்போன ஒரு நோயாளியை லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் இங்கிலாந்தில் ஆராய்ந்து 1974-இல் சக ஆய்வாளர்களுடன் அறிக்கை வெளியிட்டார். அந்தப் பக்கத்தில் ஒளிப்புள்ளியைக் காட்டி, அது எங்கே இருக்கிறது என்று கையால் சுட்டச் சொன்னார்கள். ஒன்றும் தெரியவில்லையே என்றார் அவர். பரவாயில்லை, ஊகித்துச் சொல்லுங்கள் என்றார்கள். அவருடைய ஊகங்கள் தற்செயலுக்கு மிக அப்பால் சரியாக இருந்தன. கோடு நிற்கிறதா படுத்திருக்கிறதா என்பதையும், எழுத்து எக்ஸா ஓவா என்பதையும்கூடப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார். முடிவுகளைக் காட்டியபோது அவரே வியந்தார். தாம் வெறுமனே ஊகித்ததாகவே அவர் உறுதியாக நம்பினார். இந்த நிலைக்குக் குருட்டுப் பார்வை என்று பெயர் வந்தது. இங்கே தகவல் செயலை வழிநடத்துகிறது, அனுபவம் மட்டும் இல்லை. அனுபவம் இல்லை என்பது நமக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னதால்தான். சுற்றி எங்கே போனாலும் சொல்லிடமே திரும்பி வருகிறோம்.

இதிலிருந்து ஆய்வகங்களுக்கு ஒரு கறாரான எச்சரிக்கை கிடைக்கிறது. நனவின் மூளைத் தடத்தைத் தேடுபவர், "பார்த்தேன்" என்று பொத்தானை அழுத்தியவரின் மூளையையும் "பார்க்கவில்லை" என்றவரின் மூளையையும் ஒப்பிடுகிறார். ஆனால் அந்த வேறுபாட்டில் பார்ப்பதும் இருக்கிறது, அதைச் சொல்வதும் கலந்திருக்கிறது. இரு கண்களுக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டினால், சில நொடிகளுக்கு ஒரு முறை ஒரு படம் மறைந்து மற்றது தெரியும். எது தெரிகிறது என்பதைப் பொத்தானை அழுத்தச் சொல்லாமல், கண்ணின் தன்னியல்பான அசைவிலிருந்தே கண்டுகொள்ளும் முறை ஒன்று உண்டு. 2014-இல் வெளிவந்த ஆய்வில், இப்படிச் சொல்லும் கடமையை நீக்கியவுடன் மூளையின் முன்பகுதியில் காணப்பட்ட செயல்பாடு பெருமளவு குறைந்துவிட்டது. முன்பகுதி நனவுக்கே இன்றியமையாததா, நனவைப் பற்றிச் சொல்வதற்கு மட்டும் தேவையானதா என்ற கேள்வி இன்று இத்துறையின் பெரிய பிளவுக்கோடு.

பெர்னார்ட் பார்ஸ் தொடங்கி ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் வளர்த்தெடுத்த பொதுப் பணியரங்குக் கோட்பாடு, தகவல் மூளை முழுவதற்கும் ஒலிபரப்பப்படுவதே நனவு என்கிறது. ஜூலியோ டொனோனி முன்வைத்த ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு, பிரிக்க முடியாதபடி பிணைந்த காரண காரிய அமைப்பே நனவு என்கிறது. அதன்படி முக்கியமான இடம் மூளையின் பின்பகுதி. இரு தரப்பும் முன்கூட்டியே கணிப்புகளை எழுதிக்கொடுத்து, நடுநிலை ஆய்வகங்களில் 256 பேரிடம் சோதித்த முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. இரண்டின் சில கணிப்புகள் பலித்தன. இரண்டின் மையமான சில கணிப்புகள் பொய்த்தன. இதற்கு முன்பே, 2023-இல், மூளையில் நனவின் தடம் 25 ஆண்டுகளில் தெளிவாகக் கண்டறியப்பட்டுவிடும் என்று 1998-இல் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டியிருந்த நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோச், தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் புட்டிகளைக் கொடுத்தார்.

என்ன என்பதும் ஏன் என்பதும்

அனுபவத்தைச் சொல்வது ஒன்று, அதன் காரணத்தைச் சொல்வது இன்னொன்று. ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோத்தி வில்சனும் 1977-இல் வெளியிட்ட கட்டுரை இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. கடைக்கு வந்தவர்கள் முன் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் வலது ஓரத்தில் இருந்ததை, இடது ஓரத்தில் இருந்ததைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது நெய்த விதம், துணியின் தன்மை என்று காரணங்கள் வந்தன. இருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேராகக் கேட்டதற்கு ஏறத்தாழ அனைவரும் மறுத்தார்கள்.

2005-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை இன்னும் ஒரு படி கொண்டுசென்றார்கள். இரண்டு முகங்களின் புகைப்படங்களில் எது கவர்ச்சியானது என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி, கைத்திறனால் படத்தை மாற்றி, தேர்ந்தெடுக்காத படத்தையே கையில் கொடுத்தார்கள். பெரும்பாலான முறைகளில் பங்கேற்றவர்கள் மாற்றத்தைக் கவனிக்கவில்லை. அதுமட்டுமன்று, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றதும், கையில் இருந்த படத்துக்கே உரிய காதணியைக் காரணமாகச் சொன்னவர்களும் உண்டு.

இதைப் படித்துவிட்டு அகநோக்கே பொய் என்று முடிவுகட்டுவது அவசரம். 2013-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதே ஏமாற்றைச் செய்துவிட்டு, ஏன் என்று கேட்காமல், தேர்ந்தெடுத்த அந்தக் கணத்துக்கே மனத்தால் திரும்பச் சென்று, அப்போது எதைப் பார்த்தீர்கள், கண் எங்கே சென்றது, என்ன தோன்றியது என்று பொறுமையாக விசாரித்தார்கள். மாற்றத்தைக் கண்டுகொண்டவர்களின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் நான்காக உயர்ந்தது. உளச்சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். "ஏன் கோபப்பட்டீர்கள்?" என்ற கேள்வி, கேட்கப்படுபவரைத் தம்மைப் பற்றி ஒரு கதை கட்ட அழைக்கிறது. "கோபம் வந்தபோது முதலில் உடம்பில் எங்கே தெரிந்தது, அதற்கு முன் என்ன நினைத்தீர்கள்?" என்ற கேள்வி, அவர் சொல்லத் தகுதியுள்ள இடத்துக்கே அவரை அழைத்துச் செல்கிறது. மனம் தன்னைத் தானே பிழையின்றி அறிகிறது என்ற டேக்கார்ட்டின் கருத்து இங்கே உடைகிறது. அகநோக்கால் பயனே இல்லை என்ற வாட்சனின் கருத்தும் சேர்ந்தே உடைகிறது.

சொல்ல முடியாதவர்கள்

சொல்லைச் சான்றாகக் கொள்வதில் உள்ள பேராபத்து, சொல் வராத இடத்தில் அனுபவமும் இல்லை என்று எடுத்துக்கொள்வது. பச்சிளங்குழந்தைகளின் மூளை முதிராதது, அவற்றின் அழுகை வெறும் அனிச்சை என்ற எண்ணம் மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவியது. அதன் விளைவாக, 1980-கள் வரையிலும் பல குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்க மருந்து இல்லாமலே அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. கன்வல்ஜீத் ஆனந்தும் சக ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வுகள், வலிநீக்கம் பெறாத குழந்தைகளின் உடல் கடுமையான அழுத்த எதிர்வினையைக் காட்டுவதையும், உரிய மருந்து பெற்ற குழந்தைகள் சிகிச்சைக்குப் பின் மேம்பட்ட நிலையில் இருப்பதையும் காட்டின. நடைமுறை மாறியது. வலி பற்றிய பன்னாட்டுச் சங்கம் 2020-இல் திருத்திய தன் வரையறைக் குறிப்பில், ஒருவர் வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்றும், சொல்ல இயலாமை வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்றும் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறது.

ஏட்ரியன் ஓவனும் சக ஆய்வாளர்களும் 2006-இல் அறிவித்த முடிவு இதன் இன்னொரு முகம். சாலை விபத்துக்குப் பின் ஐந்து மாதங்களாக எந்தக் கட்டளைக்கும் பதிலளிக்காதிருந்த 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார்கள். பிறகு உங்கள் வீட்டு அறைகளில் நடந்து செல்வதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார்கள். முதல் கட்டளைக்கு உடலசைவைத் திட்டமிடும் பகுதியும், இரண்டாவதற்கு இடத்தை அறிவதோடு தொடர்புடைய பகுதிகளும், நலமாக உள்ளவர்களின் மூளையில் எழுவது போலவே எழுந்தன. டென்னிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மூளை தானாகவே அப்படி எழுந்திருக்கலாமே என்ற ஐயம் உடனே வந்தது. செயல்பாடு ஒரு கணத்தில் அணையாமல், நிறுத்தச் சொல்லும்வரை அரை நிமிடம் நீடித்தது என்பது ஆய்வாளர்களின் மறுமொழி. 2024-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையான பதில் எதுவும் தராத 241 நோயாளிகளில் 60 பேரின் மூளை இத்தகைய கட்டளைகளைப் பின்பற்றியது. அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் மறக்கக்கூடாது: படுக்கையிலேயே வெளிப்படையாகப் பதிலளிக்கக்கூடிய 112 பேரில், கருவிச் சோதனையில் தேறியவர்கள் 43 பேர் மட்டுமே. ஆகவே சோதனையில் தேறினால் அது வலுவான சான்று. தேறாவிட்டால் அதிலிருந்து பெரிதாக எதையும் முடிவுகட்ட முடியாது.

விலங்குகளிடம் இந்தத் தேடல் வேறு வடிவம் எடுக்கிறது. காலியான நத்தை ஓடுகளுக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்த ஆய்வில், தமக்குப் பிடித்த வகை ஓட்டில் இருந்தவற்றைவிட, அவ்வளவு பிடிக்காத வகையில் இருந்தவையே அதிகமாக வெளியேறின. வெறும் அனிச்சையானால் வீட்டின் தரத்தை எடைபோட்டுப் பார்த்திருக்காது. இதை வலிக்கான சான்றாக எடுத்துக்கொள்பவர், அறிந்தோ அறியாமலோ, புட்னம் வழியில் வலியை அதன் வேலையைக் கொண்டு அடையாளம் காண்கிறார்.

உரையாடும் கணினி நிரல்கள் இந்தச் சிக்கலைத் தலைகீழாக்கிவிட்டன. குழந்தையிடமும் நோயாளியிடமும் அனுபவம் இருந்து சொல் இல்லாதிருக்கலாம். இவற்றிடம் சொல் ஏராளமாக இருக்கிறது. ஆனால் மனிதர்கள் தம் அனுபவங்களைப் பற்றி எழுதிக் குவித்ததைக் கொண்டே பயிற்றப்பட்ட நிரல் "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று எழுதினால், அந்தச் சொல்லுக்கு நோயாளியின் சொல்லுக்கு உள்ள எடை கிடையாது. வருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வாக்கியம்தான் வந்திருக்கும். அதனால் 2023-இல் 19 ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய அறிக்கை, நிரல் சொல்வதைப் பொருட்படுத்தாமல், பொதுப் பணியரங்கு போன்ற கோட்பாடுகள் கேட்கும் உள்ளமைப்பு அவற்றில் இருக்கிறதா என்று பார்த்தது. அன்றிருந்த எந்த அமைப்பும் நனவுடையது எனத் தோன்றவில்லை என்றும், அத்தகைய அமைப்பைக் கட்டத் தொழில்நுட்பத் தடை எதுவும் வெளிப்படையாகத் தெரியவில்லை என்றும் முடிவுசெய்தது. ஆனால் செயற்பாட்டுவாதத்தைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டே அந்த அறிக்கை தொடங்குகிறது. டொனோனியின் கோட்பாட்டை ஏற்பவருக்கு, நிரல் என்ன வேலை செய்கிறது என்பது பொருட்டே அல்ல. இன்றைய கணினிகளின் மின்சுற்றுகள் பின்னப்பட்டிருக்கும் விதமே நனவுக்கு இடம் தராது என்பார் அவர். ஒரே நிரல், ஒரே தரவு; எந்த மெய்யியலில் காலூன்றி நிற்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.